அடுப்பு எரியாத ஆஸ்பத்திரி

ஐந்தாம் அத்தியாயம்

மத்திகிரியில் மாட்டுப் பண்ணையைத் தாண்டிப் போகும் மண் ரோட்டில், சுகஜீவனம் நோய்க்காப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆஸ்பத்திரி புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நின்றது. உள்ளே பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டிலும் நோயாளிகள். பதின்மூன்றாவது நோயாளி வெளியே புளியமரத்தடியில், மாடு அவிழ்த்துவிட்ட வண்டியில், வைக்கோல் மேல் சுருண்டு கிடந்தான்.

அவன் பெயர் மாரிசாமி. ஓசூர்ப் பட்டுநூல் ஆலையில் பட்டுக்கூடு வேகவைக்கும் கொப்பரை அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். சிறுநீரகத்தில் கல் அடைத்துக்கொண்டது. இப்போது காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. ஆலைக்கு வந்துபோகும் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பெங்களூருக்குக் கொண்டுபோய் அறுத்து எடுக்க வேண்டும். தள்ளிப் போட்டால் ஆள் தங்கமாட்டான்” என்று சொல்லியிருந்தார். மாரிசாமியின் சம்பளத்தில் மாதம் தவறாமல் சந்தா பிடித்துக்கொண்டிருந்த சுகஜீவனம் கம்பெனி அதற்கு இரண்டு பதில்கள் வைத்திருந்தது. முதல் பதில்: எங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் வட்டாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம், இது சர்க்கார் விதி; வேறெங்கே போனாலும் செலவு உன்னுடையது. இரண்டாவது பதில்: எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் காலி இல்லை.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருந்தான்.

துப்பறிவாளர் சென்னகிருஷ்ணன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரியின் சுண்ணாம்பைப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் அவர் முகத்தில் ஒரே பாவனைதான். அழுகின பழத்தை யாரோ கையில் கொடுத்துவிட்ட மாதிரி. முன்பு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். மேலதிகாரிகளின் எதிரில் அந்த முகத்தை மாற்றிக்கொள்ளத் தெரியாமல் உத்தியோகம் போயிற்று. முகம் மட்டும் தங்கிவிட்டது. இப்போது ஓசூர்க் கடைவீதியில் ஒரு மாடியறை. உதவிக்கு ஆஞ்சப்பன், பழைய லாரி கிளீனர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சரளமாக வம்பு பேசுவான், மூன்றிலும் அடி வாங்கியிருக்கிறான்.

அவர்களை அனுப்பியது ஆலைத் தொழிலாளர் சங்கம். மாதம் எட்டணாவாக இருந்த நோய்க்காப்புச் சந்தாவை ஒன்றேகால் ரூபாயாக உயர்த்தக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. நோய்க்காப்பு விற்கிற கம்பெனி, பன்னிரண்டு கட்டிலும் குடியிருக்கும் டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரியைச் சொந்தமாக நடத்த வேண்டுமென்று சர்க்கார் புது விதி போட்டிருக்கிறது. நடத்துகிறோம், செலவு தாங்கவில்லை என்பது கம்பெனியின் அழுகை. இன்று சர்க்காரின் இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால் உயர்வு உறுதி. அந்தச் செலவு நிஜம்தானா என்று பார்த்துவரச் சொன்ன சங்கம், வாசலில் ஓர் ஆள் கிடப்பான் என்று சொல்லவில்லை. அதற்கும் தெரிந்திருக்கவில்லை.

வண்டிக்குப் பக்கத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மாரிசாமியின் மனைவி முனிலட்சுமி எழுந்து நின்றாள்.

“சாமி, நீங்க சர்க்கார் ஆளுங்களா?”

“இல்லை.”

“கம்பெனி ஆளுங்களா?”

“அதுவும் இல்லை.”

“அப்ப நல்லதுங்க” என்றாள் அவள். மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

“எப்படி இருக்கான்?”

“நேத்தெல்லாம் வூட்ல கத்திக்கினு இருந்தாருங்க, இன்னிக்கிப் பொழுது ஏறினப்புறம்தான் இங்க வந்து சேந்தோம். இன்னிக்கிக் கத்தறதுக்கும் தெம்பு இல்ல. நீரு போவல. ஒடம்பு கொதிக்குது. கட்டில் காலியாவட்டும், காலியாவட்டும்னே சொல்றாங்கோ. உள்ள படுத்திருக்கறவங்கள்ல யாராச்சும் எந்திரிக்கணும், இல்லாட்டி யாராச்சும் சாவணும். நான் எதைன்னு சாமிய வேண்டிக்கட்டும்?”

சென்னகிருஷ்ணன் வண்டியை விட்டு நகர்ந்தார். அவர் கண் மரத்தடியைச் சுற்றி வந்தது. சுத்தமாகப் பெருக்கின தரை. முனிலட்சுமியின் அடுப்பைத் தவிர கரி பிடித்த கல் ஒன்றுகூட இல்லை.

“ஏம்மா, நீ வந்ததிலிருந்து வேற யாராவது இங்கே அடுப்பு மூட்டினாங்களா?”

“ஒருத்தரும் இல்லீங்க. பேச்சுத் தொணைக்குக்கூட ஆள் இல்ல. ஒரு வயசான அம்மா மட்டும் தூக்குல கஞ்சி எடுத்துக்கினு உள்ள போவாங்கோ, வருவாங்கோ.”

“ஆஞ்சப்பா, உன் மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்தாரே, எத்தனை பேர் கூட வந்தாங்க?”

“அதை ஏன் சார் கேக்கறீங்க? மாமியா, கொழுந்தியா, மச்சினன், மச்சினனுக்கு மச்சினன். பாதி ஊரு மரத்தடியில ஒல வெச்சு ஒக்காந்துட்டுது. மாமனாரு பொழைச்சுக்கினாரு. அரிசி வாங்கிப் போட்ட நான்தான் இன்னும் பொழைக்கல.”

“உள்ளே பன்னிரண்டு பேர் படுத்திருக்காங்க. குறைந்தது முப்பது பேர் இங்கே சமைச்சு, சண்டை போட்டு, அழுதுகிட்டு இருக்கணும். இட்டிலிக் கூடைக்காரி ஒருத்தி குந்தியிருக்கணும். எச்சில் இலைக்குக் காக்காய் வந்திருக்கணும். ஒரு காக்காயைக் காட்டு, பார்க்கலாம்.”

ஆஞ்சப்பன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். “நம்ம சனங்க கட்டினவன விட்டாலும் விடுவாங்க, ஆஸ்பத்திரியில படுத்தவன விடமாட்டாங்களே சார்!”

“கம்பெனிக்காரங்க பட்டணத்திலிருந்து திட்டம் போட்டு அனுப்பியிருக்காங்க. கட்டில் நினைவுக்கு வந்திருக்கு, கம்பளி நினைவுக்கு வந்திருக்கு. நோயாளிக்கு ஒரு மாமியார் உண்டு என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.”

வராந்தாப் படியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. சென்னகிருஷ்ணன் ஒன்றைக் குச்சியால் புரட்டினார். அடியில் சாணி, இன்னும் ஈரம் காயவில்லை.

“உள்ளே இருப்பவர்கள் பத்து நாளாய்ப் படுத்த படுக்கை என்கிறது கம்பெனி” என்றார். “செருப்பு மட்டும் விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்திருக்கிறது.”

“அதுவும் பதினோரு ஜோடிதான் சார் இருக்குது. பன்னெண்டாவது ஆளு பறந்து வந்தானா?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.”

மேனேஜர் திம்மராயன் வாசலுக்கு வந்து கும்பிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளை பேண்ட். துக்கம் விசாரிக்க வந்தவரின் குரல். நஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு செழிப்பு வந்தது.

“சங்கத்துக்காரங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. எங்களுக்கு ஒளிக்க ஒண்ணுமில்லை. சர்க்கார் ஒரு விதி போடும்போதெல்லாம் எங்க கழுத்துல ஒரு கல்லைக் கட்டறாங்க சார். கட்டில் வேணுமாம், டாக்டர் வேணுமாம், மருந்து ரூம் வேணுமாம். இந்தச் செலவை நான் எங்கே போய் முட்டிக்கறது? சந்தாவில்தானே?”

“டாக்டர் எங்கே?”

“உள்ளேதான் இருக்கார். அவர் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போறதே இல்லை. அப்படி ஒரு கடமை.”

“வெளியே வண்டியில் ஓர் ஆள் கிடக்கிறானே?”

“தெரியும் சார். மனசு கேக்குதா? நானே ரெண்டு தரம் போய் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன். ஆனா விதி!” திம்மராயன் கையை மேலே காட்டினார். சர்க்கார் கூரைக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தச் சமயம் ரோட்டில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஒல்லியான மனிதர்; கையில் தையற்காரரின் அளவுநாடா. திம்மராயன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே மூன்றடி இருக்கிறதா என்று அளக்கத் தொடங்கினார். விதி மூன்றடி கேட்டது. நாடா மூன்றடி காட்டியது. நோயாளியின் முகம் நாடாவில் அகப்படாத பொருள் ஆகையால் அவர் அதைப் பார்க்கவில்லை.

அவர் நெருங்கும்போது ஒவ்வொரு கட்டிலிலும் முனகல் ஏறியது; கடந்ததும் இறங்கியது. சங்கீதம் தெரிந்த யாரோ பழக்கிவைத்திருக்க வேண்டும். கடைசிக் கட்டில் மட்டும் சப்தமின்றி இருந்தது. அங்கே கழுத்துவரை போர்த்திய ஒரு கிழவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“கட்டில் சரி” என்றார் இன்ஸ்பெக்டர். “அடுத்தது மருந்து ரூம்.”

மேனேஜரும் அவரும் பின்கட்டுக்குப் போனார்கள். சென்னகிருஷ்ணன் ஆஞ்சப்பனின் காதில் ஏதோ சொன்னார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினான். ஜீப் டிரைவர் அவனோடு லாரியில் ஓடின பழைய சிநேகிதன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் ஜீப்பைப் பண்ணைக் கிணற்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போக இரண்டு பீடி போதுமாயிருந்தது. ஜீப்பின் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஆஞ்சப்பன் வார்டு ஜன்னலில் தலையை நுழைத்து, எல்லை ஊர் வழக்கப்படி, ஒருத்தரையும் விட்டுவிடாமல் மூன்று பாஷையிலும் கத்தினான்.

“ஜீப் போயிடுச்சு டோய்! ஜீப் ஹோய்த்து! ஜீப்பு போயிந்தி!”

மூன்றாவது பாஷைக்கு அவசியமே இருக்கவில்லை. அதற்குள் பதினோரு நோயாளிகளும் எழுந்துவிட்டார்கள். போர்வையை உதறி மடித்தான் ஒருவன். சோம்பல் முறித்தான் இன்னொருவன். காமாலைக்காரன் காதிடுக்கிலிருந்து பீடியை எடுத்தான். வாதக்காரன் கட்டிலைத் தாண்டிக் குதித்து, படியில் தன் செருப்பைத் தேடினான். இப்படி ஒரு நொடியில் இத்தனை பேரைக் குணப்படுத்திய வைத்தியன் இந்தப் பக்கத்தில் எவனும் இருந்ததில்லை.

“டேய் மதுரைவீரா, கூலி யாருடா குடுக்கறது?” என்று கேட்டது ஒரு குரல்.

மதுரைவீரன் என்பவன் வெளியே வரப் பார்த்து, கதவில் நின்ற சென்னகிருஷ்ணன் மேல் முட்டிக்கொண்டான். நல்ல கட்டான உடம்பு.

“உனக்கு என்னப்பா வியாதி?”

மதுரைவீரன் தலையைச் சொறிந்தான். “இன்னிக்கி வவுத்து வலிங்க சாமி. போன தபா காமாலை. மஞ்சத்தூளு பூசி வுட்டாங்கோ, கண்ணு எரிஞ்சிட்டுது. அதனால இந்தத் தபா வவுத்து வலி போதும்னு கேட்டு வாங்கிக்கினேன்.”

“எவ்வளவு கொடுக்கிறாங்க?”

“முக்கா ரூவாங்க, மத்தியானம் களியும் உண்டு. எங்க பரம்பரையிலயே படுத்துக்கினு கூலி வாங்கறது இதான் மொத தபா. தப்புங்களா?”

“உன் பேரில் ஒரு தப்பும் இல்லை.”

பின்கட்டுக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் முன்னே, திம்மராயன் பின்னே. பதினோரு நோயாளிகளும் நின்ற நிலையில் சிலையானார்கள். ஒருவன் மட்டும் கடமையுணர்ச்சியோடு நின்றுகொண்டே முனகினான்.

இன்ஸ்பெக்டர் நோயாளிகளைப் பார்த்தார். கட்டில்களைப் பார்த்தார். அவர் முகம் கலங்கியது.

“கட்டில் எல்லாம் இடம் நகர்ந்துபோச்சே!” என்றார். “மறுபடியும் அளக்கணுமே!”

சென்னகிருஷ்ணனின் கையிலிருந்த அழுகின பழம் இப்போது இன்னும் கொஞ்சம் நாறியிருக்க வேண்டும். அவர் இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு நேரே கடைசிக் கட்டிலுக்குப் போனார். வார்டே குதித்து எழுந்தபோது எழுந்திராத ஒரே நோயாளி அங்கேதான் இருந்தார்.

“இவர்தான் நிஜம் போலிருக்கு சார்” என்றான் ஆஞ்சப்பன். “அதான் செருப்பு இல்ல.”

கிழவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலக்கை மரக்கட்டை போல் விழுந்து கிடந்தது. சென்னகிருஷ்ணன் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தார். கிழவரின் இடக்கை மெதுவாக எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. தவித்துப் பற்றிய பிடி அல்ல அது. மூன்று விரல்களும் தேடாமல், தடவாமல், பெருவிரலுக்குக் கீழே நாடி ஓடும் இடத்தில் போய் உட்கார்ந்தன. கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. உதடுகள் அசைந்தன. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சென்னகிருஷ்ணன் கையை இழுக்கவில்லை. எண்ணி முடியும்வரை நின்றார். பிறகு தூக்குப் பாத்திரத்தோடு இருந்த அம்மாளைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“அம்மா, டாக்டருக்கு எப்போதிலிருந்து இப்படி?”

டாக்டரின் மனைவியான அந்த நாராயணம்மாவின் கண் கலங்கிவிட்டது. “போன ஆவணியில விழுந்தாருங்க. தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாக்டர் முனிரத்தினம்னா தெரியாதவங்க இல்ல. கையி, காலு, பேச்சு எல்லாம் ஒரே நாள்ல போச்சு. இவுரு வந்தாரு” என்று திம்மராயனை முகவாயால் காட்டினாள். “பேரு மட்டும் குடுங்கோ போதும், தங்க எடமும் கேவுரும் நான் தர்றேன்னாரு. பட்டினிக்குப் பயந்துக்கினு குடுத்துட்டேன். பேரு போர்டுல தொங்குது. ஆளு இங்க கெடக்கறாரு.”

ஆஞ்சப்பன் தொண்டையைக் கனைத்தான். “ஆக, இந்த ஆஸ்பத்திரியில சீக்காளி ஒருத்தர்தான். அவருதான் டாக்டரு.”

திம்மராயன் வெலவெலத்துப் போவார் என்று எதிர்பார்த்தவர்கள் அவரை அறியாதவர்கள். அவர் பேண்ட் மடிப்பை நீவிக்கொண்டார்.

“அதனால் என்ன? இன்ஸ்பெக்டர் சார், நீங்களே சொல்லுங்க. விதியில் என்ன இருக்கு? பதிவு பெற்ற டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கணும். குடியிருக்கார். பதிவு செல்லுபடியாகுது. டாக்டர் எழுந்து நிற்கணும்னு விதியில் இருக்கா?”

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி மனத்துக்குள் விதிகளை ஓட்டினார். இந்த ஆஸ்பத்திரியை ஏற்கெனவே இரண்டு முறை சரியென்று சொன்னவர் அவர். இப்போது தப்பென்றால் அந்த இரண்டும் தப்பாகிவிடும். “இல்லை” என்றார்.

“பேசணும்னு இருக்கா?”

“அப்படியும் இல்லை.”

“நோயாளிக்கு நோய் இருக்கணும்னு இருக்கா?”

இன்ஸ்பெக்டர் சற்றுத் தயங்கினார். “பன்னிரண்டு உள்நோயாளிகள்னுதான் இருக்கு. அதுக்குமேல விளக்கம் இல்லை.”

“சபாஷ்” என்றார் சென்னகிருஷ்ணன். “விதி கட்டிலை எண்ணச் சொன்னது. வாசற்படியில் நின்றே எண்ணலாம் பாருங்க, அதனால். கம்பெனியும் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டது. இந்த விதியால் கம்பெனிக்கு உண்மையில் ஆன செலவு என்ன? இந்தப் பெரியவருக்குக் கேழ்வரகு. நீங்க வருகிற அன்றைக்கு மட்டும் பதினோரு பேருக்குக் கூலி. சுவருக்குச் சுண்ணாம்பு. இதற்காக ஆலையிலே ஒவ்வொருத்தனும் மாதம் முக்கால் ரூபாய் கூடக் கட்டணும். மதுரைவீரனுக்கு ஒரு நாள் கூலியே அவ்வளவுதான். இவ்வளவு பாரமான விதியை வேண்டாம்னு கம்பெனி சர்க்காரிடம் முறையிட்டதா?”

“முறையிடறதாவது!” என்றார் இன்ஸ்பெக்டர் கள்ளமில்லாமல். “இந்த விதி வேணும்னு மனுப் போட்டதே சுகஜீவனம்தானே?”

திம்மராயன் அவசரமாக இருமினார். இன்ஸ்பெக்டருக்கு அது புரியவில்லை, அவர் தொடர்ந்தார். “கிருஷ்ணகிரியில கல்லுடைக்கிறவங்க தங்களுக்குள்ளேயே சேர்ந்து ஒரு நோய்க்காப்பு நிதி வெச்சிருந்தாங்க. நாலணாச் சந்தா. அவங்களால பன்னிரண்டு கட்டில் வாங்க முடியலை. மூடிட்டாங்க. இப்போ இந்த வட்டாரத்துக்கே சுகஜீவனம் ஒண்ணுதான்.”

“கழுத்துல கல்லைக் கட்டிட்டாங்கன்னு அழுதீங்களே” என்றான் ஆஞ்சப்பன் மேனேஜரிடம். “அது அடுத்தவன் கழுத்தா சாமி?”

வெளியே முனிலட்சுமியின் குரல் கேட்டது. அலறல் இல்லை, புருஷனின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் பெயரைச் சொல்லாத ஊர்ப் பெண் அப்படிக் கூப்பிடுகிறாள் என்றால் உள்ளே நின்ற கூலியாட்களுக்கு அர்த்தம் தெரியும். மதுரைவீரன் முகம் மாறியது.

சென்னகிருஷ்ணன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். அவர் குரல் திடீரென்று பணிவாகிவிட்டது. அது ஆஞ்சப்பனுக்குத் தெரிந்த குரல். அதைக் கேட்டால் யாரோ குழியில் விழப்போகிறார்கள் என்று அர்த்தம்.

“விதிகள் எல்லாம் தங்களுக்கு மனப்பாடம். ஒரே ஒரு சந்தேகம். இந்த ஆஸ்பத்திரியில் முடியாத வைத்தியத்துக்கு நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அதிகாரம் யாருக்கு?”

“ஆஸ்பத்திரி டாக்டருக்கு மட்டும்தான்” என்றார் இன்ஸ்பெக்டர் மகிழ்ச்சியோடு. “அவர் போகச் சொன்னால் கம்பெனி முழுச் செலவையும் ஏற்கணும். மேனேஜர் மறுக்க முடியாது.”

“கேட்டீங்களா மேனேஜர்?”

“கேட்டேன். ஆனா டாக்டர் நோயாளியை நேரில் பரிசோதிக்கணும். கட்டில் காலி இல்லையே” என்றார் திம்மராயன். சொன்ன பிறகுதான் காலிக் கட்டில்களுக்கு நடுவே தாம் நிற்பது அவருக்கு நினைவு வந்தது.

“தூக்குங்கடா அவன!” என்றான் மதுரைவீரன்.

அந்த ஆஸ்பத்திரியின் உள்நோயாளிகள் பதினோரு பேரும் வெளியே ஓடினார்கள். வயிற்று வலியும் வாதமும் காமாலையும் சேர்ந்து, ஒரு கம்பளியின் நாலு பக்கத்தையும் பிடித்து, நிஜமான ஒரு நோயாளியை உள்ளே தூக்கி வந்தார்கள். கடைசிக் கட்டிலை ஒட்டி இன்னொரு கட்டிலை இழுத்துப்போட்டு அதில் கிடத்தினார்கள். மூன்றடி போய் முழ அகலம்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். ஆஞ்சப்பன் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

நாராயணம்மா கணவரின் முதுகில் தலையணையை அடைத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள். டாக்டர் முனிரத்தினத்தின் இடக்கை மாரிசாமியின் நெற்றிக்குப் போயிற்று. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தது. பிறகு அவர் விரலைச் சுழற்றினார். முனிலட்சுமிக்குப் புரிந்தது. புருஷனை ஒருக்களித்துத் திருப்பிப் பிடித்தாள். விலா முடியும் இடத்தில் டாக்டர் முஷ்டியால் லேசாகத் தட்டினார். கத்தத் தெம்பில்லாமல் கிடந்த மாரிசாமி கத்தினான்.

டாக்டரின் கோணின வாய் எதையோ தேடியது. வார்த்தை வந்து வந்து போயிற்று. முகத்தில் வேர்வை பொடித்தது.

“க...” என்றார். “கத்...தி.”

அதற்குமேல் வரவில்லை. அவர் இடக்கையை உயர்த்தி, ஜன்னல் வழியாகப் பெங்களூர் ரோடு போகும் திசையைக் காட்டினார். காட்டிய கையைக் கீழே இறக்கவில்லை.

“வாய்மொழியா ஊர்ப் பேர் சொல்லலையே” என்றார் இன்ஸ்பெக்டர் கவலையோடு. “கை காட்டினால் போதுமா என்று...”

“டாக்டர் கையால் காட்டக்கூடாதுன்னு விதியில் இருக்கா?” என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

“இல்லை.”

“விதியில் தடை இல்லாததெல்லாம் சரின்னு இப்போதுதான் மேனேஜர் நமக்குப் பாடம் நடத்தினார்.”

“அவருக்கு வாதம் சார்!” திம்மராயன் கத்தினார். துக்கக் குரல் எங்கோ போய்விட்டது. “சுயநினைவு இருக்கோ இல்லையோ! அவர் பேச்சை எப்படி டாக்டர் பேச்சா எடுத்துக்கறது?”

“தாராளமாய் எடுத்துக்க வேண்டாம். அவர் டாக்டர் இல்லைன்னு இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. டாக்டர் இல்லையென்றால் இது ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லையென்றால் இவன் எங்கே போய் வைத்தியம் செய்துகொண்டாலும் செலவு கம்பெனியுடையது. சந்தா உயர்வும் இல்லை. எது சௌகரியம்?”

திம்மராயன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“டாக்டர்தான்” என்றார் திம்மராயன், பல்லிடுக்கில்.

“அப்போ ஜீப்பில் புறப்படுங்க. பெங்களூரில் முன்பணம் கட்டக் கம்பெனி ஆள் கூடப் போகணும்.”

“ஜீப்பா? அது சர்க்கார் ஜீப் ஆயிற்றே!” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வந்து ரெடியா நிக்குது சார்” என்றான் ஆஞ்சப்பன். “ரேடியேட்டர்ல தண்ணிகூட ரொப்பியாச்சு.”

கம்பளியோடு மாரிசாமியை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். படுக்கவைக்க இடம் போதவில்லை. திம்மராயன் முதலில் உட்கார்ந்து, தலையை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முனிலட்சுமி கால்மாட்டில் ஒடுங்கிக்கொண்டாள். ஜீப் அசைந்ததுமே மாரிசாமி அந்த வெள்ளைப் பேண்டின் மேல் வாந்தி எடுத்தான்.

“தலையைக் கெட்டியாப் புடிங்க சாமி” என்றாள் முனிலட்சுமி. “ரோடு மோசம்.”

ஜீப் திரும்பி மறைந்தது. சென்னகிருஷ்ணன் படியேறி வந்தார். வார்டில் இன்ஸ்பெக்டர் தனியாக, ஊர் போக வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கூலியாட்கள் ஒருவரும் போகவில்லை. கூலிக்காக நிற்கிறார்களாக்கும் என்று சென்னகிருஷ்ணன் நினைத்தார். அன்று அவர் நினைத்ததில் தப்பாய்ப்போனது அது ஒன்றுதான்.

மதுரைவீரன் கடைசிக் கட்டிலின் கீழே குந்தியிருந்தான்.

“ஐயா” என்றான் மெதுவாக. “வவுத்து வலின்னது சும்மா. ஆனா ராவானா மார்ல ஒரு இருமலு. ரத்தமா வருது. வூட்ல சொல்லல.”

அவன் பின்னால் காமாலைக்காரன் வீங்கின முழங்காலைக் காட்டத் தயாராக வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.

“இவங்க எல்லாம் இப்போ உள்நோயாளிங்களா, வெளிநோயாளிங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் முனிரத்தினத்தின் மூன்று விரல்கள் மதுரைவீரனின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணி முடிக்கும்வரை வார்டில் ஒருவரும் பேசவில்லை, ஆஞ்சப்பன்கூட.